முதுகு காட்டி நின்றவள்

கிட்டே வந்து உட்காருங்கள் கண்மணிகளா, உங்களை ஒரு சினிமாக் கொட்டகைக்குள் கூட்டிப்போகிறேன். படம் நல்ல படம்தான். ஆனால் நீங்கள் திரையைப் பார்க்க வேண்டாம். நடு வரிசையில் உட்கார்ந்திருக்கிற அம்மாவையும் மகளையும் பாருங்கள்.

மகளுக்குப் பதினாறு வயது. அம்மாவிடம் முகம் கொடுத்துப் பேசி ரொம்ப நாளாகிறது. "ம்", "இல்ல", "தெரியல". வீட்டில் அவள் பேச்சு அவ்வளவுதான்.

காரணம் இருக்கிறது. சொந்தக்காரர்கள் வந்திருந்த அன்று, மகள் எப்படி வார்த்தையை இழுத்து இழுத்துச் சலித்துக்கொள்வாள் என்று அம்மா அப்படியே பேசிக் காட்டினாள். சித்தியும் அத்தையும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தாள். மகள் எழுந்து போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அம்மாவுக்கு அது பிழைப்பு. சினிமாவில் பின்னணிக் குரல் கொடுப்பவள். திரையில் வாயசைப்பது யாரோ, பேசுவது இவள். எந்தப் படத்தில் யாருக்கு என்று வீட்டில் சொல்லும் வழக்கமில்லை.

அப்படிப்பட்ட மகள், போன வாரம் தானாக வந்து நின்றாள்.

"ஒரு படம் பாத்தேன். செம காமெடி, ஆனா அழுகையும் வரும். நீ பாத்தே ஆகணும். ஞாயித்துக்கிழமை போலாம் வா."

படத்தின் பேரைக் கேட்டதும் அம்மாவுக்குப் பகீரென்றது.

அதன் நாயகிக்குக் குரல் கொடுத்தது அவள்தான். கொடுத்த குரலோ மகளுடையது. அதே இழுப்பு, அதே சலிப்பு. நாலு சொந்தக்காரர்கள் சிரித்ததற்கே இந்தப் பாடு. இப்போது ஊரே சிரிக்கிறது. அது அம்மாவின் வேலை என்று மகளுக்குத் தெரிந்தால், மிச்சமிருக்கிற அந்த "ம்"மும் நின்றுபோகும்.

வரமாட்டேன் என்று சொல்லவும் மனசு வரவில்லை. பெண் வாய்விட்டுக் கூப்பிட்டிருக்கிறாளே.

இதோ, திரையில் அந்தப் பெண் அப்பாவின் சவரக்கத்தியால் புருவத்தைத் திருத்தப்போய், ஒரு பக்கத்தை முழுசாக வழித்துவிட்டாள். மையால் வரைந்துகொண்டு பள்ளிக்கூடம் கிளம்புகிறாள். பாதி வழியில் மழை.

"அய்யோ, என் மூஞ்சியில பாதி கரைஞ்சு போச்சுடீ!"

கொட்டகையே அதிர்கிறது. மகளும் குலுங்கிச் சிரிக்கிறாள். அம்மா கைப்பையின் வாரை முறுக்கிக்கொண்டிருக்கிறாள்.

பிறகு அந்தக் காட்சி. நனைந்து வந்த பெண்ணைப் பார்த்துத் திரையில் அவள் தாயும் சிரித்துவிடுகிறாள். பெண் ஜன்னல் பக்கம் திரும்பி, முதுகைக் காட்டி நிற்கிறாள்.

குரல் பதிவு செய்த அன்று, இந்த இடத்துக்கு எழுதிக் கொடுத்த வசனம் வேறு. ஆனால் மைக்கின் முன்னால் அம்மாவின் வாயில் வந்தது, சொந்தக்காரர்கள் வந்த அன்று மகள் சாத்திய கதவுக்குப் பின்னாலிருந்து கேட்ட கேள்வி. "தப்பாயிடுச்சு சார், இன்னொரு வாட்டி பண்றேன்" என்று பதறினாள். இயக்குநர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, வேண்டாம் என்று கையசைத்தார். முகம் தெரியாத காட்சி, உதட்டசைவுக்குப் பொருந்த வேண்டியதில்லை. அப்படியே வைத்துக்கொண்டார்.

இப்போது அது கொட்டகை முழுக்க ஒலிக்கிறது.

"அவங்க சிரிச்சாங்க, சரி. நீ ஏம்மா சிரிச்ச?"

மகள் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அம்மாவுக்கு அவள் பக்கம் திரும்பத் தைரியமில்லை.

படம் முடிந்து விளக்கு எரிந்ததும் அம்மா விருட்டென்று எழுந்தாள். திரையில் பெயர்கள் ஓட ஆரம்பித்துவிட்டன. மகள் படிப்பதற்குள் வெளியே தள்ளிக்கொண்டு போய்விட வேண்டும்.

"வா வா, வாசல்ல கூட்டம் சேந்துடும்."

மகள் அவள் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள்.

"இரும்மா. உன் பேரு கடைசியிலதான் வரும். போன தடவை எல்லாரும் எழுந்து போயிட்டாங்க, நான் மட்டும்தான் நின்னு பாத்தேன்."

உங்கள் வீட்டில் என்றைக்கும் சிரிப்புச் சத்தம் கேட்கட்டும் கண்மணிகளா. அது எல்லாரும் சேர்ந்து சிரிக்கிற சிரிப்பாக இருக்கட்டும்.