ஆயுள் முடிந்த போல்ட்

ஹெலிகாப்டரின் இறக்கையைத் தாங்கும் போல்ட் இவ்வளவு நேரம்தான் பறக்கலாம் என்று விதி. அது முடிந்ததும், யாரும் திரும்ப மாட்டிவிடாதபடி இரண்டாக அறுத்துவிட வேண்டும். மெக்கானிக் ஜெசிந்தா அப்படி நேரம் முடிந்த ஒன்றை மேஜையில் பொருத்திய வைஸ் பிடியில் வைத்து இறுக்கினாள்.

“பளபளன்னு இருக்கு. எங்க கீறல், காட்டு பார்ப்போம்,” என்றார் மேலாளர் குமரகுரு.

“கீறல் தெரியுற அன்னைக்கு உள்ள இருக்கறவங்க மிஞ்ச மாட்டாங்க, சார்.”

“புதுசு வர்ற வரைக்கும் வண்டிய நிறுத்தி வைக்க இது என்ன உங்கப்பன் வீட்டு ஷெட்டா?”

“ஏறப்போறது உங்க வீட்டு ஆளுங்க இல்லையே. நீங்க பேசுவீங்க.”

அவர் போல்ட்டின் மேல் கையை வைத்துக்கொண்டார். “இப்ப அறுடி, பார்க்கலாம்.”

அவள் ரம்பத்தை அவருடைய மோதிர விரலை ஒட்டி வைத்து ஒருமுறை இழுத்தாள். இரும்புத்தூள் அவர் நகத்தின் மேல் உதிர்ந்தது. அவர் கையை எடுக்கவில்லை. அடுத்த இழுப்புக்கு அவள் இன்னும் கொஞ்சம் அழுத்தினாள்.