வேற மரத்து முசுறு

உச்சிவெயில் மாமரத்தின் இலைகளுக்குள் நுழைந்து செங்கோடனின் மொட்டைத் தலையில் பொட்டுப் பொட்டாக விழுகிறது. பர்மாவிலிருந்து நடந்தே வந்து, அகதி முகாமில் முடியை மழித்துப் பினாயில் தண்ணீர் ஊற்றிக் குளிப்பாட்டி அனுப்ப, ஏழு வருஷம் கழித்து நேற்றுத்தான் சேந்தமங்கலம் வந்து சேர்ந்திருக்கிறான். வந்தவன் தன் புருஷன்தானா என்று உண்ணாமலைக்கு இன்னும் மனசு ஒப்பவில்லை. அவள் சொல்லப்போகும் ஒரு வார்த்தைக்காக ஊரே காத்திருக்கிறது. அவனோ கிணற்றடி மரத்து முசுறு எறும்பு ஒன்றைக் குச்சியில் ஏற்றி வந்து இந்த மரத்தில் விடுகிறான். இங்குள்ள முசுறுகள் ஓடிவந்து மீசையால் அதன் முகத்தைத் தடவுகின்றன. ஒரு கணம் எதுவும் அசையவில்லை. பிறகு ஆளுக்கொரு காலைக் கவ்விக்கொண்டு, சத்தமே இல்லாமல், நாலு பக்கமும் இழுக்கின்றன.

"எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்குது. வேற மரத்ததுன்னு எப்படிக் கண்டுபிடிக்குது?" என்கிறான்.

"வாசத்துலதானுங்க. ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு வாசம் இருக்குதுங்க," என்கிறாள் உண்ணாமலை. அவன் தோளில் கிடக்கும் சருகை எடுப்பவள்போலக் குனிந்து, பின்கழுத்தருகே மூச்சை உள்ளே இழுக்கிறாள். பினாயில் வாடை அடிக்கிறது. அதற்கு அடியில் ஒன்றுமே இல்லை.

அவன் திரும்பிப் பார்க்காமலே கேட்கிறான்: "தெரியுதா புள்ள?"