ஒன்பது மீற்றர்

இரண்டாயிரத்து எட்டு, போர்க்காலம். கொட்டாஞ்சேனையில் மழை விட்ட பின்னேரம். சுகாதார ஆய்வுக்காக டெங்குக் காய்ச்சல் கண்ட வீடுகளை இமெல்டா கணினியில் புள்ளிகளாக்கி வைத்திருக்கிறாள். ஒவ்வொரு புள்ளிக்கும் மிகக் கிட்டிய புள்ளி எது, எவ்வளவு தூரம் என்று 'R' என்ற புள்ளிவிபர மென்பொருளிடம் கேட்கிறாள். திரை முழுக்கப் பூச்சியம். ஒவ்வொரு வீட்டுக்கும் அந்த வீட்டையே அயலாகக் காட்டுகிறது அது. "எங்கட ஒழுங்கையும் இப்பிடித்தானே" என்று முணுமுணுத்தபடி, தன்னைத் தவிர்த்து அடுத்ததைத் தேடச் சொல்கிறாள். உள்ளே காய்ச்சலில் மகள் அனத்துகிறாள். தன் வீட்டுப் புள்ளிக்கு விடை வருகிறது: ஒன்பது மீற்றர். யன்னலால் பார்க்கிறாள். முன் வீடு. வவுனியாவிலிருந்து வந்த குடும்பம். ஆறு மாதமாகியும் பெயர்கூடக் கேட்கவில்லை. வீடு வீடாகச் சோதனைக்கு வருகிற பொலிசும் ஆமியும் அவர்களைப் பற்றி விசாரித்தால், தெரியாது என்று சொல்வதுதான் வசதி. மகளுக்குக் காய்ச்சிய பார்லித் தண்ணியில் பாதியைப் போத்தலில் ஊற்றிக்கொண்டு ஒழுங்கையைக் கடந்து கதவைத் தட்டுகிறாள். உள்ளே தொலைக்காட்சிச் சத்தம் சட்டென்று நிற்கிறது. கதவு நான்கு விரல் அகலம் திறக்க, முகத்துக்கு முன்னால் ஒரு பெண்ணின் கை வருகிறது. அந்தக் கையில் மூன்று அடையாள அட்டைகளும் பொலிஸ் பதிவுத் துண்டும். "ஐயோ, அது வேண்டாம் அக்கா. நான் முன் வீடு. உங்கட வீட்டில காய்ச்சல் ஆருக்கு?"