ஞானபாய் கட்டிய கொடி

“தமிழ்நாட்டோட சேரணும்ணு அந்தக் கம்புல கொடியைக் கட்டினது ஆரு?” போலீஸ்காரர் சதாசிவன் அதட்டினார்.

வெள்ளத்துக்குச் சர்ச் மேட்டில் பிள்ளைகளோடு ஒதுங்கியிருந்த ஞானபாய் எழுந்தாள். “நானாக்கும், ஏமானே.”

“ஜாதா ஊர்வலத்துக்குப் போனியா?”

“இல்ல. லத்திக்குப் பயந்து ஓடினவங்க ரோட்டில போட்டுட்டுப் போனதாக்கும். வெள்ளம் ஏறதுக்கு முந்தி எடுத்துக் கட்டினேன்.”

“இதுக்கு ஜெயில் உண்டு. இப்பமே அவுத்து எடு!”

“நாலு நாளு பொறுக்கணும், ஏமானே.”

“நாட்டு எல்லையை நீயா தீர்மானிக்கப் போறே?”

“நாட்டு எல்லை எனக்குத் தெரியாது. அந்தக் கம்புக்கு அடியில எனக்க குடிசை உண்டு. வெள்ளம் வடிஞ்சா வெறும் மணலாக்கும் கிடக்கும். அடையாளம் இல்லேன்னா, எனக்க இடம் இதுண்ணு ஆரு சம்மதிப்பா?”

சதாசிவன் திரும்பிப் பார்த்தார். நெய்யாற்றின் கலங்கிய வெள்ளத்துக்கு மேலே பத்துப் பன்னிரண்டு மூங்கில் நுனிகள் மட்டும் தெரிந்தன. ஒன்றில் கிழிந்த பாய், ஒன்றில் பாவாடை, ஒன்றில் கொடி.

வள்ளக்காரனைக் கூப்பிட்டு ஏறிப்போய்க் கொடியை அவிழ்த்தார். பிறகு, மழைக்குத் தலையில் சுற்றியிருந்த தன் துவர்த்துத் துண்டை எடுத்து அதே நுனியில் இறுகக் கட்டினார்.