சாய்ந்த பக்கம்

"குடிச்சிருக்கியா?" சூப்பர்வைசர் தினகரன் கத்தினார்.

"காலையில ஒரு டீ குடிச்சனுங்க. சக்கரைகூட கம்மி" என்றார் பரமசிவன், கோடாலியைத் தோளில் போட்டபடி.

பள்ளத்துப் பக்கம் விழவேண்டிய சீகை மரம், எதிர்ப்பக்கம் சாய்ந்து, எஸ்டேட்டின் புது இரும்பு கேட்டை அப்பளமாக நொறுக்கியிருந்தது.

மரம் அறுக்க மெஷின் இருந்தது. காட்டேஜில் தங்க வருபவர்களின் தூக்கம் கெடுமாம். கோடாலியால்தான் வெட்டவேண்டும் என்று முதலாளி உத்தரவு. அந்தப் புது கேட்டும் அவர்களுக்காகத்தான். தொழிலாளர் குடியிருப்பான லைன் வீட்டு ஜனங்கள் மெயின் ரோட்டுக்குப் போகும் குறுக்குப் பாதை அதோடு அடைபட்டது.

போன வாரம் மருதாயியின் மகள் ரேகா, ஆஸ்பத்திரிக்குச் சுற்றிப் போகும் வழியிலேயே, தேயிலைச் செடி மறைவில் பிரசவித்தாள். பிள்ளை தங்கவில்லை.

"கேட் போனதுக்கு இத்தனை கோபமுங்களா?" என்றாள் மருதாயி. "போன வாரம் இந்தக் கோபம் எங்கீங்க போச்சு?"

தினகரன் அவள் முகத்தைப் பார்க்காமல் பரமசிவனிடம் பாய்ந்தார்.

"மரம் விழவேண்டிய இடத்துல முதல்ல குச்சியை நட்டுட்டு, அது தலைமேலேயே மரத்தைப் போடுற ஆளு நீ! இன்னிக்கு ஏன் பள்ளத்துல குச்சி நடலை?"

"பள்ளத்துலயா? மறந்துட்டனுங்க."

"வேலை போயிரும். ஊட்டையும் காலி பண்ணச் சொல்லுவாங்க. தெரியுமா?"

"எனக்குத் தெரியுமுங்க. மரத்துக்குத் தெரியலையே!"

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். அதற்குள் முதலாளியின் ஜீப் வந்து நின்றது.

"வேணும்னே தள்ளியிருக்கான். தினகரன், போய்ப் பார்த்துச் சொல்லுங்க. இவனை இன்னிக்கே அனுப்பிடலாம்."

தினகரன் மரத்தருகே போய்க் கிளைகளை விலக்கினார். நசுங்கிய கம்பிகளுக்கு நடுவே, விழுந்த மரத்தை ஒட்டி, புதிதாகச் சீவிய குச்சி ஒன்று மண்ணில் இறங்கியிருந்தது. தலை மட்டும் தெரிந்தது.

நிமிர்ந்தார். பரமசிவன் கண்ணைத் தாழ்த்தவில்லை.

மருதாயியும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தினகரன் பூட்ஸ் காலால் குச்சியை ஓங்கி ஒரு மிதி மிதித்தார். அது மண்ணுக்குள் போய் மறைந்தது.

"காத்து சார். திடீர்னு அடிச்சு மரத்தைத் திருப்பிடுச்சு."

சுற்றிலும் ஒரு கொழுந்துகூட அசையவில்லை.

"காத்தா?" என்றார் முதலாளி.

"ஆமா சார். மறுபடியும் இங்கே கேட் போட்டா, மறுபடியும் காத்தடிக்கும்."