ஸ்டார்ட் ஆகாத கார்

"ஒரு மாசமா என் வீட்டுக்காரர் லீவு போட்டுட்டு உங்க வாசல்லயே கிடக்கிறாரு. முதல்ல பேட்டரின்னீங்க, அப்புறம் ஸ்டார்ட்டர்னீங்க. குளிர் வந்தா இந்தக் காருக்கு அப்படி என்னதான் வந்துடுது?"

போலந்தின் சுவால்கி நகரில் அன்று காலை மைனஸ் இருபது டிகிரி. யட்விகாவின் கோபத்துக்கு முன்னால் மெக்கானிக் வால்டெக் கையைத் துணியில் துடைத்தபடி நின்றான்.

"இன்னும் ஒரு வாரம் பொறுங்கம்மா."

"போன வாரமும் இதைத்தான் சொல்லி அனுப்புனீங்க. சாவியக் குடுங்க. வேற இடத்துக்கு இழுத்துட்டுப் போறேன்."

"உங்க வீட்டுக்காரர் இப்பதான் வெளிய போனாரு, வந்துடட்டுமே..."

ஆணியில் தொங்கிய சாவியை அவளே எடுத்துக்கொண்டாள். முற்றத்தில் நின்ற காரின் மேலிருந்த பனியைத் தள்ளிவிட்டு உள்ளே உட்கார்ந்து, நம்பிக்கையே இல்லாமல் சாவியைத் திருப்பினாள். முதல் திருப்பிலேயே இன்ஜின் சீராக ஓடத் தொடங்கியது.

யட்விகா வால்டெக்கைப் பார்த்தாள்.

"காருக்கு ஒண்ணுமில்லம்மா," என்றான் அவன் தயங்கி. "போன மாசம் பர்னிச்சர் ஃபேக்டரியில ஆளைக் குறைச்சப்போ அவரையும் அனுப்பிட்டாங்க. இங்கதான் டயர் மாத்துற வேலை பார்க்கிறாரு. வேற நல்ல வேலை கிடைச்சதும் வீட்டுல சொல்லிக்கிறேன்னாரு."

"இப்ப எங்க?"

வால்டெக் பக்கத்து லாரியைக் காட்டினான். அதனடியிலிருந்து இரண்டு பூட்ஸ் கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. அசைவே இல்லை.

யட்விகா இன்ஜினை அணைத்துவிட்டு லாரியருகே போய்க் குனிந்தாள்.

"ரிஷார்ட், சாயங்காலம் கார்லயே வீட்டுக்கு வா. இந்தக் குளிர்ல பஸ்ஸுக்கு நிக்காதே."