எழுத்து அட்டை

ஆலயத்தின் பின்னறையில் வாலிபர் கூட்டம் முடியும் நேரம். மின்விசிறி கடகடக்கிறது. வட்டமாகப் போட்ட நாற்காலிகளில் ஒவ்வொருவராக ஜெப விண்ணப்பம் சொல்லிக்கொண்டு வருகிறார்கள். சக்கர நாற்காலிக்காரனின் முறை வந்ததும், கூட்டத்தில் அவனுக்குத் துணையாக நியமிக்கப்பட்டிருப்பவள் வழக்கம்போல் முந்திக்கொள்கிறாள். "இவனுக்குக் கால் சுகமாகணும்." அடுத்தவர் வாய் திறப்பதற்குள் டொக்கென்று ஒரு சத்தம். மடியிலிருக்கும் எழுத்து அட்டையை அவன் தட்டுகிறான். பேச்சு வராத அவனுக்கு அந்த அட்டைதான் வாய். நடுங்கும் விரல் ஓர் எழுத்திலிருந்து இன்னொன்றுக்கு ஊர்கிறது, வழி தவறுகிறது, திரும்பி வருகிறது. அவள் குதிகால் தரையில் படபடக்கிறது. கால் இல்லையென்றால் வேறென்ன கேட்கப்போகிறான்? "அவங்க அம்மாவுக்கு..." என்று ஆரம்பிக்கிறாள். மறுபடியும் டொக். உதட்டைக் கடித்துக்கொண்டு எழுத்துகளைக் கூட்டி வாசிக்கிறாள்: "இவளுக்குப் பொறுமை." அறையே கொல்லென்று சிரிக்கிறது. "சரியான ஆளுகிட்டதான் மாட்டியிருக்க!" என்கிறான் கிடார் வாசிப்பவன். அவளும் சிரிக்கிறாள், ஆனால் காது மடல் எரிகிறது. "போதும்பா, எல்லாரும் கண்ண மூடுங்க," என்கிறார் கூட்டம் நடத்தும் அக்கா. தலைகள் குனிகின்றன. அவன் விரல் மட்டும் இன்னும் அட்டையை விட்டு எழவில்லை. "இருங்கக்கா, அவன் இன்னும் முடிக்கல," என்கிறாள் அவள். யாரோ கடிகாரத்தைப் பார்க்கிறார்கள், யாரோ நாற்காலியை இழுக்கிறார்கள். அவள் இரண்டு கைகளையும் தொடைக்கடியில் திணித்துக்கொண்டு, நாக்கு நுனிவரை வந்த ஊகங்களை ஒவ்வொன்றாக விழுங்குகிறாள். விரல் நிற்கிறது. அதன் பிறகுதான் வாசிக்கிறாள்: "எனக்கும்."